பெட்ரோலில் எங்கள் கரும்பு! வருமானத்தில் எங்கள் பங்கு எங்கே?

(திருவொற்றியூர் விளக்கக் கூட்டத்தில் விவசாயிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

   

திருவள்ளூர் மாவட்டத்துக் கரும்பு விவசாயிகள் நாங்கள். "கரும்புக்காரனுக்கு ராயபுரத்திலும் எண்ணூரிலும் என்ன வேலை?"ன்னு கேக்கலாம். உங்க வண்டியில எரியறது எங்க கரும்பும்தாங்க! 2003இல் 5 சதவீதமாகத் தொடங்கிய எத்தனால் கலப்பு 2022இல் 10 ஆனது, 2025இல் 20 ஆனது. எண்ணெய்க் கிடங்குகளில் கலந்துதான் பங்க்குக்கு வருகிறது.

எத்தனாலை நாங்கள் எதிர்க்கவில்லை. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு நம்முடையது. அந்நியச் செலாவணி மிச்சமாகிறது. சர்க்கரை விற்காமல் தேங்கும்போது ஆலைக்குக் கைக்காசு வருகிறது. நல்லதுதான்.

ஆனால் நட்டம் யார் தலையில்? எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. கலப்புக்கென்று செய்யாத பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம், டூவீலரில் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. பழைய வண்டியில் ரப்பர் குழாய், வாஷர் மாத்தற செலவு வேற. அதுக்குத் தகுந்த மாதிரி பெட்ரோல் விலையைக் குறைச்சாங்களா? இல்லையே!

சரி, கரும்பு வெட்டினவனுக்காவது வந்துச்சா? கணக்குப் பாருங்க. ஒரு டன் கரும்புச் சாற்றில் ஏறக்குறைய 70 லிட்டர் எத்தனால் எடுக்கலாம். 2024-25இல் லிட்டருக்கு 65 ரூபாய் 61 காசு. ஆக, சுமார் 4,590 ரூபாய். அதே பருவத்தில் எங்களுக்கு மத்திய அரசு வைத்த விலை டன்னுக்கு 3,151 ரூபாய். மாநில ஊக்கத்தொகை 349 சேர்த்தாலும் 3,500தான். ஆலைக்குச் செலவு உண்டு, மறுக்கலை. ஆனா எத்தனால் வருமானத்துல எங்க பங்கு எங்கே?

1966ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, 14 நாளில் பணம் கொடு, தவறினால் 15 சதவீத வட்டி கொடு என்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கு. நாங்க ஆலை வாசல்ல நிக்கிறோம்.

ஆகவே கோருகிறோம்:

1. கரும்பு விலைக் கணக்கில் எத்தனால் வருமானத்தையும் சேர்!
2. நிலுவையை வட்டியோடு கொடு!
3. பங்க்கில் எத்தனால் அளவை எழுதி வை. பழைய வண்டிகளுக்குக் கலப்பு குறைந்த பெட்ரோலும் கொடு!

விளைவிக்கிறவனுக்கும் லாபமில்லை, வாங்குகிறவனுக்கும் லாபமில்லை என்றால், இரண்டு பேரும் சேர்ந்துதான் கேட்கணும். வாருங்கள், சேர்ந்து கேட்போம்!

விவசாயி - தொழிலாளி ஒற்றுமை ஓங்குக!