பழைய கம்ப்யூட்டரைச் சீர்செய்வதா, புதியது வாங்குவதா?

(மும்பையில் நம் உறுப்பினர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரைச் சரிசெய்து வீடியோ எடிட்டிங் செய்ய முடியுமா, இல்லை, புதிதாகத்தான் வாங்க வேண்டுமா?" என்று உறுப்பினர்கள் பலர் கேட்பதாகவும், அதைப் பற்றி அரைமணி நேரம் பேச வேண்டுமென்றும் செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் கம்ப்யூட்டர் என்ஜினீயர் அல்ல. ஐம்பது வருஷங்களுக்கு முன் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, மத்திய அரசில் ஃபைல் பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவன். ஓய்வு பெற்ற பிறகு உறவினர்கள், நண்பர்கள் வீட்டு வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வேண்டாததை வெட்டி, ஒழுங்குபடுத்திக் கொடுப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம்மில் பெரும்பாலோர் சினிமா எடுக்கப் போவதில்லை. நம் வீட்டு பீரோவில் ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகள் இருக்கின்றன. பிள்ளையின் பூணூல், பெண்ணின் கல்யாணம், அப்பாவின் சஷ்டியப்தபூர்த்தி என்று 1985 முதல் 2010 வரை எடுத்தவை. அதில் நடமாடுகிறவர்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் குரல் வேறு எங்கும் பதிவாகவில்லை. கேசட் என்பது பிளாஸ்டிக் நாடாவின் மேல் பூசிய காந்தப் பொடி. மும்பை, சென்னை, கொல்கத்தா போன்ற ஈரக் காற்றுள்ள ஊர்களில் அதில் பூஞ்சை பிடிக்கும். கேசட் நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் இயந்திரம் கிடைக்க வேண்டும். வி.சி.ஆர். தயாரித்து வந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய், 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே, எந்தக் கம்ப்யூட்டர் என்று யோசிப்பதிலேயே இரண்டு வருஷம் போனால், நஷ்டம் பணத்தில் அல்ல.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பழையதா புதியதா என்ற கேள்விக்கான பதில் கம்ப்யூட்டரில் இல்லை. நீங்கள் எடிட் செய்யப்போகும் படத்தில் இருக்கிறது. படத்தை இரண்டு ஜாதியாகப் பிரிக்கலாம்: கேசட்டில் எடுத்தது, கைப்பேசியில் எடுத்தது.

ஒரு சின்னக் கணக்கு. நம் நாட்டில் பயன்பட்ட பால் முறையில், டிஜிட்டல் கேசட்டின் ஒரு பிரேமில் குறுக்கே 720, நெடுக்கே 576, ஆக 4,14,720 புள்ளிகள். இன்றைய கைப்பேசியில் 4கே என்று சொல்கிறோமே, அதில் 3840-ஐ 2160-ஆல் பெருக்க வேண்டும், 82,94,400 புள்ளிகள். சரியாக இருபது மடங்கு. பழைய கம்ப்யூட்டர் முன்னதைச் சுமக்கும், பின்னதில் திணறும்.

அளவு மட்டுமல்ல, எழுதிவைத்திருக்கும் முறையும் வேறு. இங்கே ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். ஒரு ரிஜிஸ்டரில் ஒவ்வொரு வரியிலும் பெயர், விலாசம், தொகை எல்லாம் முழுசாக எழுதியிருந்தால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உடனே படிக்கலாம். அதையே ஒருவர் "மேற்படி, மேற்படி" என்று எழுதிக்கொண்டே போயிருந்தால், ஒரு வரியைப் புரிந்துகொள்ளப் பத்துப் பக்கம் பின்னால் புரட்ட வேண்டும். மினிடிவி கேசட் முதல் வகை. ஒவ்வொரு பிரேமும் தனியாக முழுசாக இருக்கும். (இந்த டிவி டெலிவிஷன் அல்ல, டிஜிட்டல் வீடியோ.) ஒரு மணி நேரத்துக்கு 13 ஜி.பி. இடம் பிடிக்குமே தவிர, கம்ப்யூட்டருக்கு வேலை குறைவு. கைப்பேசி இரண்டாவது வகை. எச்.264, எச்.265 என்ற முறைகளில், முன் பிரேமிலிருந்து என்ன மாறியது என்பதைத்தான் பெரும்பாலும் எழுதும். கோப்பு சிறியது, பிரித்துப் படிக்கத்தான் கஷ்டம்.

இந்தப் புரட்டும் வேலையைச் செய்வதற்கென்றே பிராசசருக்குள் தனியாக ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். இன்டெல்லில் எச்.264-க்கு அது 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறையிலேயே உண்டு. எச்.265-க்கு முழுமையாக வந்தது 2015-இல் ஆறாம் தலைமுறையில். அதிலும் 10 பிட் வண்ணப் படத்துக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐ5 என்பதற்குப் பின்னால் 3470 என்றிருந்தால் மூன்றாவது. 8400 என்றால் எட்டாவது. 12400 என்றால் பன்னிரண்டாவது.

இனி, பழையதைச் சீர்செய்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது? ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால், கம்ப்யூட்டர் திறப்பதும் மென்பொருள் வருவதும் கண்கூடாக வேகமாகும். ராமை 4 ஜி.பி.யிலிருந்து 8 அல்லது 16 ஆக்கினால் நடுவில் நின்றுபோவது குறையும். ஆனால் இவை இரண்டும், பிராசசரில் இல்லாத அந்தத் தனிப் பகுதியைக் கொண்டுவந்து வைத்துவிடாது. மேஜைக் கம்ப்யூட்டராக இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டு போட்டு ஓரளவு ஈடுகட்டலாம். மடிக்கணினியில் அதுவும் நடக்காது.

ஆகையால் கடைக்குப் போகுமுன் பரிசோதனை செய்யுங்கள். விண்டோஸில் டாஸ்க் மானேஜர் என்று ஒன்று இருக்கிறது. எடிட்டிங் மென்பொருளில் உங்கள் படத்தை ஓடவிட்டு, அதைத் திறந்து பாருங்கள். மெமரி நிரம்பி வழிகிறதா? ராம் போடுங்கள். டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்கிறதா? எஸ்.எஸ்.டி. போடுங்கள். பிராசசர்தான் நூறில் நிற்கிறது என்றால், மற்ற இரண்டுக்கும் செலவழிப்பதில் பிரயோஜனமில்லை. ஜுரம் எவ்வளவு என்று பார்க்காமல் மாத்திரை வாங்குவதில்லை அல்லவா?

செலவிலும் ஒரு பாகுபாடு உண்டு. எஸ்.எஸ்.டி. வாங்கினால், நாளைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தாலும் பெரும்பாலும் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம், பணம் வீணாகாது. ஆனால் 2012-ஆம் வருஷத்து மதர்போர்டு ஏற்பது டி.டி.ஆர்.3 வகை ராம். அதைப் புதிய போர்டில் போட முடியாது. போதாக்குறைக்கு 2025 இறுதியில் மெமரி விலை வெகுவாக ஏறியது. நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி இது: பழையதற்கு ஆகும் மொத்தச் செலவு, தகுந்த வேறொன்றின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அதைத் தொடாதீர்கள்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் பழையதைக் கபாடிக்காரனிடம் போட்டுவிடலாம்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. என் நண்பர் ஒருவருக்கு அவர் பிள்ளை ஆசையாக ஒரு நல்ல மடிக்கணினி வாங்கிக் கொடுத்தான். பழைய மேஜைக் கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார்கள். பிறகு கேமராவை எடுத்துக் கேசட்டை ஏற்ற உட்கார்ந்தால், வயரைச் சொருக இடமில்லை. மினிடிவி கேமராவிலிருந்து படத்தை அப்படியே இறக்க ஃபயர்வயர் என்ற இணைப்பு வேண்டும். பெரும்பாலான மாடல்களில் யு.எஸ்.பி. வழியாகப் போட்டோ வரும், முழுத் தரத்தில் வீடியோ வராது. இன்றைய மடிக்கணினிகளில் ஃபயர்வயர் கிடையாது. அவரிடம் பதினொரு கேசட்டுகள். அதில் ஒன்றில் அவர் அம்மா நலங்குப் பாட்டுப் பாடியிருந்தார். கடைசியில் மாதுங்காவில் இன்னொரு உறுப்பினர் வீட்டுப் பரணில் ஃபயர்வயர் கார்டு உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தது. அதைத் தூசி தட்டி, எட்டு மாதம் கழித்து உட்கார்ந்தோம். ஒன்பது கேசட் நன்றாக வந்தது. இரண்டில் பூஞ்சை, படம் வரவில்லை. நலங்கு வந்த ஒன்பதில் இருந்தது, அவர் அதிர்ஷ்டம்.

ஆகவே பழையது உங்கள் வீட்டில் இருந்தால், கடைசிக் கேசட் ஏறும்வரை அது வெளியே போகக் கூடாது. ஏற்றுவதற்கு வேகமும் வேண்டாம். ஒரு மணி நேரக் கேசட் ஏற ஒரு மணி நேரம்தான் ஆகும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினாலும் ஐம்பத்தொன்பது நிமிஷம் ஆகாது. வினாடிக்கு 4 எம்.பி.கூட வேண்டாம், பழைய ஹார்ட் டிஸ்க்கே அதைப்போலப் பல மடங்கு தாங்கும். வி.எச்.எஸ். கேசட்டாக இருந்தால் ஃபயர்வயருக்குப் பதில், வி.சி.ஆரிலிருந்து யு.எஸ்.பி.க்கு மாற்றும் சிறிய கருவி வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும்தான் அதிகாரபூர்வமாக ஏற்கப்படுகின்றன. எனவே பழைய கம்ப்யூட்டரில் பாங்க் கணக்கு, பென்ஷன் வேலைகளைச் செய்யாதீர்கள். இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டு, கேசட் ஏற்றவும் வெட்டி ஒட்டவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தெரிந்த பேரனோ பேத்தியோ இருந்தால் இன்னும் விசேஷம். கேடென்லைவ், ஷாட்கட் போன்ற எடிட்டிங் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

சுருக்கமாகத் தொகுத்துச் சொல்கிறேன். உங்களிடம் இருப்பது கேசட்டுகள் மட்டுமே என்றால், பழைய கம்ப்யூட்டரே போதும், எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டு இந்த வாரமே தொடங்குங்கள். கேசட்டும் உண்டு, எப்போதாவது கைப்பேசிப் படமும் உண்டு என்றால், அப்போதும் பழையதில் சமாளிக்கலாம். நான் சொன்ன மென்பொருள்களில் பிராக்ஸி என்று ஒரு வசதி இருக்கிறது. நாம் டிராஃப்ட் போட்டுத் திருத்திவிட்டு ஃபேர் காப்பி எடுப்போமே, அதுபோல, சின்ன நகலை வைத்து வெட்டுவதும் ஒட்டுவதும் நடக்கும். முடிவில் அசல் படத்திலிருந்து முழுத் தரத்தில் வெளிவரும். அதற்கு ராத்திரி முழுவதும் ஆனால் ஆகட்டும். நமக்குக் காலையில் எட்டு மணிக்கு ஆபீஸ் இல்லை. மாதாமாதம் 4கே படம் எடிட் செய்வேன் என்கிறவர்கள் மட்டும் வேறு வாங்குங்கள்.

அதுவும் பெட்டி பிரிக்காத புதியதாக இருக்க வேண்டுமென்பதில்லை. கம்பெனிகள் மாற்றும்போது வெளிவரும் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட மேஜைக் கம்ப்யூட்டர்கள், இங்கே லாமிங்டன் ரோடிலும், டில்லி நேரு பிளேஸிலும், பெங்களூர் எஸ்.பி. ரோடிலும், சென்னை ரிச்சி ஸ்டிரீட்டிலும் சீர்செய்யப்பட்டுக் கிடைக்கின்றன. பில்லும் வாரண்டியும் எழுத்தில் வாங்குங்கள். 16 ஜி.பி. ராமும், ஃபயர்வயர் கார்டு போட ஒரு காலி ஸ்லாட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

முடிவாக ஒன்று. ஏற்றிய படத்தை ஒரே டிஸ்க்கில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். டிஸ்க் ஒரு நாள் சொல்லாமல் நின்றுபோகும். மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி டிஸ்க்கில், மூன்றாவது வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடமோ பெண்ணிடமோ. நம் குடும்பங்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடப்பதில் இந்த ஒரு சௌகரியமாவது இருக்கட்டும். ஃபயர்வயருள்ள கம்ப்யூட்டரோ, ஓடுகிற வி.சி.ஆரோ வைத்திருக்கும் உறுப்பினர்கள் தங்கள் கிளைச் செயலாளரிடம் பெயரைக் கொடுத்து வைத்தால், இல்லாதவர்கள் கேசட்டை எடுத்துக்கொண்டு வந்து ஏற்றிக்கொள்வார்கள். இந்த ஊரில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.