ஒரே வினா, பல மொழி

பள்ளி மாணவர் பௌதிகத்திலும் வானியலிலும் போட்டியிடும் உலக அரங்குகள் சில உண்டு. பௌதிகத்துக்கானது மூத்தது. சர்வதேசப் பௌதிக ஒலிம்பியாட் 1967ஆம் ஆண்டில் போலந்தின் வார்சோ நகரில் ஆரம்பமாயிற்று. அன்று வந்தவை போலந்து, செக்கோசிலோவாக்கியா, ஹங்கேரி, பல்கேரியா, ருமேனியா என்ற ஐந்து நாடுகளே. வானியலுக்கென ஒரு போட்டி 1996இல் ருஷ்யாவில் பிறந்தது. அது 2018இல் கொழும்புக்கும் வந்தது. தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் 2007இல் மற்றொன்று தோன்றியது.

பௌதிகப் போட்டிக்கு ஒரு நாடு ஐந்து மாணவர் வரை அனுப்பலாம். ஒருநாள் அறிமுறை வினாக்கள், மற்றொருநாள் பரிசோதனை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து மணித்தியாலம். முன்னதற்கு 30 புள்ளிகள், பின்னதற்கு 20.

இத்தனை மொழியினரும் ஒரே வினாவுக்கு விடை எழுதுவது எங்ஙனம்? இதற்குக் கண்ட வழி வியப்புக்குரியது. பரீட்சைக்கு முன்னாள் வினாப்பத்திரம் குழுத் தலைவர்களின் கையில் தரப்படும். அவர்கள் அதனை ஆராய்ந்து, வாதாடி, திருத்தி, ஒப்புக்கொண்டபின் தத்தம் மாணவரின் மொழியில் பெயர்ப்பர். வேலை முடியப் பல வேளைகளில் பொழுது விடிந்துவிடும். அதுவரை மாணவர் வேறிடத்தில் இருப்பர். தலைவரோடு பேச அவர்களுக்கு அனுமதியில்லை. கைத்தொலைபேசிகளும் வாங்கி வைக்கப்படும்.

தமிழில் எழுத விரும்பும் மாணவர் ஒருவருக்காக இப்பணியைச் செய்பவர் எந்தத் தமிழில் பெயர்ப்பது? இலங்கைப் பாடநூல்களில் திசையைக் கருதாது கூறப்படுவது கதி. திசையோடு கூறப்படுவது வேகம். தமிழ்நாட்டு நூல்களிலோ முன்னதுதான் வேகம், பின்னது திசைவேகம். இங்கு ஆர்முடுகல் எனக் கற்பது அங்கு முடுக்கம். முடுக்கம் என்ற சொல்லைக் கண்ட யாழ்ப்பாணத்து மாணவர் சற்றுத் தயங்கினும் பொருளை ஊகித்துக்கொள்வார். வேகம் அத்தகையதன்று. பழகிய சொல்லாதலால் ஐயமே எழாது. வட்டப் பாதையிற் சீராகச் செல்லும் பொருளின் வேகம் மாறுகிறதா என்று வினவினால், இங்கு கற்றவர் ஆம் என்பார், அங்கு கற்றவர் இல்லை என்பார். இருவரும் தாம் கற்றபடி சரியே. புள்ளி மட்டும் ஒருவருக்குத்தான். ஆகையால் மொழிபெயர்ப்பாளர் அகராதியை நம்புவதிலும், மாணவர் பயின்ற பாடநூலைப் பக்கத்தில் வைத்திருப்பதே தக்கது.

விடைத்தாளும் மாணவரின் மொழியிலேயே இருக்கும். சமன்பாடுகளைத் திருத்துவோர் எந்நாட்டவராயினும் படித்தறிவர். இடையில் உள்ள வசனங்களை அறியார். பரீட்சை முடிந்தபின் குழுத் தலைவர் அவர்களுக்கு எதிரில் அமர்ந்து, இவ்வரியில் மாணவர் கூறுவது இதுவென எடுத்துரைத்து, விடுபட்ட கால் புள்ளிக்கும் அரைப் புள்ளிக்கும் வாதாடுவார்.