ஒரே பிள்ளைக்கு மூன்று பட்டம்

பசறை, ஹாலிஎல, அப்புத்தளை, கொஸ்லாந்தை என்று பல தோட்டங்களிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் அம்மாமாரே, ஆசிரியர்களே, தம்பி தங்கைகளே!

ஒரு பிள்ளையை உங்களுக்கு நினைவூட்டுகிறேன். எல்லா லயத்திலும் இருக்கிற பிள்ளைதான். ஏழு வயதில், பள்ளிக்கூடம் போகிற நேரம் பார்த்து வயிற்றுவலி என்று சுருண்டு படுப்பான். டிஸ்பென்சரியில் பூச்சிக் குளிசை கொடுப்பார்கள், வலி நிற்காது. பயந்தாங்கொள்ளி என்போம். பதினைந்து வயதில் யாருக்கும் முகம் கொடுக்கமாட்டான், எதற்கெடுத்தாலும் சீறுவான், ஓ.எல். எழுதாமலே கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விடுவான். முரடன் என்போம். முப்பது வயதில் கசிப்போடு திரும்பி வருவான். குடிகாரன் என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவோம். ஒரே துன்பம் வயதுக்கு வயது உருமாறி வந்திருக்கிறது என்பதை யாருமே சேர்த்துப் பார்ப்பதில்லை.

நியூசிலாந்தில் டனீடின் என்றொரு நகரம். அங்கே 1972, 73இல் பிறந்த ஆயிரத்துக்கும் சற்று மேற்பட்ட பிள்ளைகளை ஆய்வாளர்கள் இன்றுவரை பின்தொடர்கிறார்கள். 45 வயதுக்குள் அவர்களில் 86 சதவீதமானோருக்கு ஏதாவது ஒரு காலத்தில் மனநலப் பாதிப்பு வந்து போயிருந்தது. ஒரே வகையோடு நின்றவர்கள் மிகச் சிலர். சிறுவயதில் பதற்றம், பிறகு மனச்சோர்வு, பிறகு போதை என்று அது வேடம் மாற்றிக்கொண்டே இருந்தது. பெரியவர்களின் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது என்று வேறு ஆய்வுகளும் சொல்கின்றன. பயந்த பிள்ளையெல்லாம் நோயாளியாகும் என்று இதற்கு அர்த்தமில்லை, தாய்மார் கலங்க வேண்டாம். பல பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். நேரத்தோடு ஒருவர் கவனித்தால் இன்னும் பலர் தேறுவார்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயதுக்கு வந்த பிறகு மனச்சோர்வு பெண்களுக்கு ஆண்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. நம் பிள்ளைகள் அதை வெளியே காட்டுவதில்லை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, சமைத்துக்கொண்டு, அடக்கமான பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டு உள்ளுக்குள் கரைகிறார்கள். பதினெட்டு, இருபது வயதில் காதில் யாரோ பேசுகிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால் உடனே பேய் என்று கோடாங்கியைக் கூப்பிடுகிறோம். சாமியைக் கும்பிடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் இல்லாத குரல் கேட்கவைக்கும் மனச்சிதைவு நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது அந்த வயதில்தான். உடுக்குச் சத்தத்தில் கழிகிற ஒவ்வொரு மாதமும் மருந்து கிடைக்காமல் போன மாதம்.

மீரியபெத்தைத் தோட்டத்தை நம் பதுளை மாவட்டம் மறக்குமா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் இருந்தார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கியிருந்த குடும்பங்களுக்குப் புது வீடு கிடைக்க இரண்டு வருடம் சென்றது. வீடுகளை எண்ணினோம், சாவிகளை எண்ணினோம். அன்று எட்டு வயதாயிருந்த பிள்ளை இன்று இளைஞன். அவன் இன்று சீறினால், குடித்தால், வேலையில் நிலைக்காவிட்டால், அந்தக் காலைப் பொழுதை யார் கேட்டறிவது?

ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பதுளை பெரியாஸ்பத்திரிக்கு மகனை அழைத்துக்கொண்டு போகும்போது, குடிக்கிறான் என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஏழு வயது வயிற்றுவலியைச் சொல்லுங்கள், அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருந்தால் அந்த வருடத்தைச் சொல்லுங்கள். சிங்களத்தில் சொல்ல வராவிட்டால் தமிழ் தெரிந்தவரைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. ஆசிரியர்களே, காரணமில்லாமல் பின்வரிசைக்கு ஒதுங்குகிற பிள்ளையின் வீட்டுக்கு ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். தனியாகத் தவிப்பவர்கள் இரவென்றும் பகலென்றும் பாராமல் பேசலாம். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926.