வீட்டில் ஸ்கிரீன் அடிக்கிறவங்களுக்கு

வீட்டில் இருந்தபடியே துணியிலயும் தாளிலயும் ஸ்கிரீன் பிரிண்ட் அடிக்க ஆசைப்படுற பிள்ளைகளோட இண்டைக்குக் கதைக்கிறன். வந்தாறுமூலையில கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கு. சுத்திவர பள்ளிக்கூடம், கோயில், விளையாட்டுக் கழகம் எல்லாம் இருக்கு. அம்பது டீசேர்ட், நூறு அழைப்பிதழ் எண்டு சின்னச் சின்ன வேலை வரத்தான் செய்யும்.

முதல் காசை மெஷின்ல போடாதீங்க. மெஷ் துணியிலயும் மையை இழுக்கிற ஸ்குவீஜியிலயும் போடுங்க. மலிவான மேசையிலயும் நல்ல வேலை செய்யலாம். தளர்ந்த மெஷ்ஷில செய்யவே ஏலாது. விரலால அமத்தி எடுத்தா மெஷ் உடனே நிமிர வேணும். டீசேர்ட்டுக்கு 43 போதும், தாளில நுண்ணிய எழுத்துக்கு 90க்கு மேல. இது ஒரு சென்ரிமீற்றருக்கு எத்தனை இழை எண்ட கணக்கு. அங்குலக் கணக்கில விக்கிற கடையில அதே 43, 110 ஆகிடும். எந்தக் கணக்கு எண்டு கேட்டு வாங்குங்க. மரச் சட்டத்துக்கு வார்னிஷ் பூசுங்க, இல்லாட்டி தண்ணியில ஊறி முறுகிப்போகும். அடிக்கும்போது மெஷ்ஷுக்கும் துணிக்கும் இடையில 2, 3 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்க. சட்டத்துக்கு அடியில மட்டைத் துண்டு வைச்சாப் போதும்.

மெஷ்ஷில பூசுற எமல்ஷன் வெளிச்சம் பட்ட இடத்தில இறுகும். அதைச் சுடுறதுக்கு லைட் பெட்டி தேவையில்ல, வெயில் இருக்கு. ஆனா உச்சி வெயில் மிகக் கடுமை. ஒரு மட்டையால மூடி, கொஞ்சம் கொஞ்சமா விலக்கி, எத்தனை செக்கனில் எமல்ஷன் சரியா இறுகுது எண்டு முதல்ல ஒரு சோதனை எடுங்க. எமல்ஷன் மேல வைக்கிற படத்தின் கறுப்பு வெளிச்சத்தை விடக்கூடாது. மேல கண்ணாடி வைச்சு அமத்துங்க.

மாரியிலதான் பிரச்சினை. கார்த்திகை, மார்கழி ஈரத்தில எமல்ஷன் காயாது. அரைகுறையாக் காஞ்சதை வெயில்ல வைச்சா, கழுவும்போது படமும் சேர்ந்து போயிடும். இருட்டறையில மின்விசிறி போட்டு, ஒரு இரவு முழுக்கக் காயவிடுங்க.

கச்சான் காத்து வீசுற காலத்தில கதை தலைகீழ். தண்ணி மை மெஷ்ஷுக்குள்ளேயே காஞ்சு அடைச்சுப்போடும். காத்து எழும்ப முதல், விடியக் காலமையே அடிச்சு முடியுங்க. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் மையை மெஷ் முழுக்க இழுத்து மூடி வையுங்க. பக்கத்தில தண்ணி தெளிக்கிற போத்தல் இருக்கட்டும். நடுவில போன் வந்தா எடுக்க வேணாம்.

இன்னொண்டைக் கட்டாயம் சொல்ல வேணும். பழைய முறையில பைக்குரோமேற் கரைசல் கலந்து எமல்ஷன் செய்வாங்க. மலிவுதான், ஆனா அதில இருக்கிற குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. எங்கட கிணறுகள் மணலில, ஆழமில்லாம இருக்கு. நிலத்தில ஊத்தினது தண்ணியில வந்து சேரும். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்குள்ள அதைக் கொண்டுவராதீங்க. டயசோ, போட்டோபொலிமர் எமல்ஷன் கடையில கிடைக்கும். மையையும் முதல்ல வழிச்சுப் போத்தலுக்குள்ள போடுங்க, மிச்சத்தை மட்டும் கிணத்துக்குத் தூரமாக் கழுவுங்க.

பிளாஸ்டிசோல் எண்ட பிளாஸ்டிக் மை துணியில நிக்கிறதுக்கு ஏறக்குறைய 160 பாகை செல்சியஸ் சூடு சீராப் பிடிக்க வேணும். வீட்டு அயன்பொக்ஸில அது சரிவராது. தண்ணி மையில தொடங்குங்க. காஞ்ச பிறகு மேல ஒரு துணி விரிச்சு, மைப் போத்தலில சொல்லியிருக்கிற நேரத்துக்கு நிதானமா அயன் பண்ணுங்க. ஓடர் எடுக்க முதல் ஒரு டீசேர்ட்டை அடிச்சு, சவர்க்காரம் போட்டு நாலைந்து தரம் தோய்ச்சுப் பாருங்க. மை கழண்டா சூடு காணாது எண்டு அர்த்தம். இன்னும் கொஞ்ச நேரம் அயன் பண்ணி, திரும்பத் தோய்ச்சுப் பாருங்க.