கணக்குக் கேட்ட ஆட்டக்காரர்

(சங்க மண்டபத்தில் இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களுட் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். பனிக்கட்டியின்மேல் ஆடப்படும் ஹொக்கியைப்பற்றி, பனி பெய்வதையே காணாத ஊரில் நின்று பேசுவதற்கு ஏதாவது நியாயம் வேண்டுமன்றோ? நியாயம் உண்டு. விளையாட்டையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர், தம்முடைய சம்பளத்திற் பிடித்த பணம் எங்கே போகிறது என்று கேட்டார். அதனால் அவருக்கு நேர்ந்தவற்றையே நான் சொல்லப்போகிறேன். அவர் பெயர் டெட் லிண்ட்சே. கனடா தேசத்தவர். 1925ஆம் ஆண்டு யூலை மாதம் பிறந்து, 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் தமது 93ஆவது வயதிற் காலமானவர்.

முதலில் ஆட்டத்தை ஒருவாறு விளங்கிக்கொள்வோம். நம் கல்லூரிகளில் ஆடும் ஹொக்கியில் பக்கத்துக்குப் பதினொருவர். இதிலே கோல் காப்பவரையுஞ் சேர்த்து அறுவர். பந்துக்குப் பதிலாக, மூன்று அங்குல விட்டமும் ஓரங்குலத் தடிப்புமுள்ள கெட்டி இறப்பர் வில்லை. காலிலே அலகு பொருத்திய சப்பாத்து. அரங்கைச் சுற்றிப் பலகை வேலி. வில்லையை வைத்திருப்பவனைத் தோளால் மோதி அந்த வேலியோடு சாத்துவது விதிக்கு உட்பட்டதே! விதியை மீறியவர் இரண்டு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ புறம்பான ஓரிடத்திற் போய் இருக்கவேண்டும். அவ்வளவு நேரமும் அவருடைய குழு ஆள் குறைந்து ஆடும். அந்நாளிலே தலைக்கவசம் அணிந்தோர் மிகச் சிலர். லிண்ட்சே தம் வாழ்நாளில் அப்படித் தண்டனையாக இருந்த நேரம் 1,808 நிமிஷம். முப்பது மணித்தியாலத்துக்கு மேலே! இதிலிருந்தே ஆளின் குணம் உங்களுக்கு ஓரளவு தெரியவரும்.

ஒன்பது பிள்ளைகளுட் கடைசியாகப் பிறந்தவர் அவர். தகப்பனார் பேட் லிண்ட்சேயும் ஒரு காலத்திற் சம்பளத்துக்குக் கோல் காத்தவர். குடும்பம் ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்கேயுள்ள கேர்க்லன்ட் லேக் என்ற பொற்சுரங்க ஊரில் வாழ்ந்தது. அந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளர் தங்கள் சங்கத்தை முதலாளிமார் அங்கீகரிக்கவேண்டுமென்று 1941ஆம் ஆண்டு முடிவில் வேலைநிறுத்தஞ் செய்து, மறு ஆண்டு பெப்ரவரியில் தோற்றுத் திரும்பினார்கள். அப்போது லிண்ட்சேக்கு வயது பதினாறு.

1944இல், பத்தொன்பது வயதில், அமெரிக்காவின் மோட்டார் நகரமாகிய டெற்றோயிற்றின் றெட் விங்ஸ் குழுவிற் சேர்ந்தார். உயரம் ஐந்தடி எட்டங்குலந்தான். அந்த ஆட்டத்துக்கு இது போதாத உயரமென்றே சொல்லவேண்டும். ஆனால் அவர் மோதாத ஆளில்லை. முகத்திலே போட்ட தையல்கள் நூற்றுக்கணக்கானவை. 'பயங்கர டெட்' என்பது சனங்கள் வைத்த பெயர். இடப்பக்கம் லிண்ட்சே, நடுவில் சிட் ஏபல், வலப்பக்கம் கோர்டி ஹவ் என்று மூவர் சேர்ந்து ஆடிய வரிசைக்கு, மோட்டார் ஆலைகளின் நினைவாக 'உற்பத்தி வரிசை' என்று பெயர். 1949-50 ஆட்டப் பருவத்தில் லீக் முழுவதிலும் புள்ளி கூடப் பெற்றவர்கள் முதலாவது லிண்ட்சே, இரண்டாவது ஏபல், மூன்றாவது ஹவ். 1950, 1952, 1954, 1955 ஆகிய நான்கு ஆண்டுகளில் ஸ்ரான்லி கிண்ணம் டெற்றோயிற்றுக்குக் கிடைத்தது. அந்தக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அரங்கைச் சுற்றி வந்து, காசு கொடுத்து வந்தவர்களுக்குக் கிட்டக் காட்டிய வழக்கமும் 1950இல் அவர் தொடக்கிவைத்ததே என்பர்.

அவருடைய தைரியத்துக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 1956 மார்ச் மாதத்தில் ரொறன்ரோவிலே ஒரு முக்கியமான ஆட்டம். லிண்ட்சேயும் ஹவ்வும் அரங்குக்கு வந்தால் சுடப்படுவார்கள் என்று யாரோ பயமுறுத்தினான். இருவரும் ஆடினார்கள். மேலதிக நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தவரும் லிண்ட்சேதான். அடித்துவிட்டு என்ன செய்தார் தெரியுமா? ஹொக்கித் தடியைத் துவக்குப் போலத் திருப்பிப் பிடித்துக் கூட்டத்தைச் சுடுவதுபோல நடித்தார். நல்ல பண்பென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் சிரிக்காமலும் இருக்கமுடியவில்லை.

இப்பொழுது என் விஷயத்துக்கு வருகிறேன்.

அக்காலத்தில் அந்த லீக்கில் இருந்தவை மொன்றியல், ரொறன்ரோ, டெற்றோயிற், சிக்காகோ, நியூயோர்க், பொஸ்ரன் என்ற ஆறே குழுக்கள். ஆறு குழுவுக்கும் சேர்த்து நூற்றுச்சொச்சம் ஆட்டக்காரர். ஒருவர் ஒரு குழுவிற் கையொப்பமிட்டால் அவர் அந்தக் குழுவுக்கே உரியவர். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் தாமாக வேறிடம் போகமுடியாது. குழு மட்டும் அவரை விற்கலாம், மாற்றலாம், கீழ் லீக்குக்கு அனுப்பலாம். பக்கத்திலிருப்பவருக்கு என்ன சம்பளமென்று ஒருவருக்கும் தெரியாது; கேட்பதும் மரியாதையில்லை என்று பழக்கிவைத்திருந்தார்கள். அரங்கிலே எலும்பு முறிய மோதுகிற இந்த மனிதர், மனேஜரின் அறைக்குட் போனால் தொப்பியைக் கையிற் பிடித்துக்கொண்டு, நீட்டிய தாளிற் கையொப்பமிட்டு வருவார்கள்.

1947ஆம் ஆண்டில் ஆட்டக்காரருக்கென்று ஒரு உபகாரச் சம்பள நிதி ஏற்படுத்தப்பட்டது. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 900 டொலர் கட்டவேண்டும். அக்காலச் சம்பளத்துக்கு அது சிறு தொகையன்று. நிதியை நடத்திய சபையிலே ஆட்டக்காரரின் பிரதிநிதியாக லிண்ட்சேயும், மொன்றியல் குழுவின் டக் ஹார்வியும் இருந்தார்கள். இருந்தார்களேயொழிய, வரவு செலவுக் கணக்கைக் காட்டும்படி கேட்டபோது காட்டப்படவில்லை. பிரதிநிதி என்ற பெயருண்டு, கதிரையுண்டு, கணக்குப் புத்தகம் மாத்திரம் இல்லை.

இந்த அவமதிப்பே எல்லாவற்றுக்கும் தொடக்கம். லிண்ட்சே தமக்குச் சம்பளம் போதாதென்று போராடவில்லை. சொந்த வியாபாரமும் அவருக்கு இருந்தது. ஆகையால் மற்றவரைவிட அவருக்கு அஞ்சுவதற்குக் காரணம் குறைவு. இதை மறைக்காமற் சொல்வது நல்லது. தைரியத்துக்கும் மடியிலே நாலு காசு இருப்பதற்கும் சம்பந்தமுண்டு.

அமெரிக்காவிலே பேஸ்போல் ஆட்டக்காரருக்கு ஒரு சங்கம் ஏற்கெனவே இருந்தது. அச்சங்கத்துக்கு ஆலோசனை சொன்ன நியூயோர்க் அப்புக்காத்துமாரை லிண்ட்சே தேடிப் போனார். பிறகு குழுவுக்கொருவராக நம்பிக்கையான ஆட்களைப் பிடித்தார். எதிர்க்குழு ஆட்டக்காரரோடு பேசுவதே ஆகாது என்று இருந்த காலம் அது. நேற்று முகத்திலே தடியால் அடித்தவனிடம் இன்று போய், 'சகோதரா, ஒரு நூறு டொலர் தா, சங்கம் அமைப்போம்' என்று கேட்பதென்றால் யோசித்துப் பாருங்கள். ஆனாலும் ஏறக்குறைய எல்லாரும் கொடுத்தார்கள். முதலாளிமாருடைய காதுக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. 1957ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆட்டக்காரர் சங்கம் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. தலைவர் லிண்ட்சே, உபதலைவர் ஹார்வி.

அந்தப் பருவத்தில் லிண்ட்சே பெற்ற புள்ளி 85. அவருடைய வாழ்நாளிலே அதுதான் ஆகக் கூடிய தொகை. அப்படியிருந்தும் யூலை மாதத்தில் டெற்றோயிற் மனேஜர் ஜாக் அடம்ஸ் அவரைச் சிக்காகோவுக்கு மாற்றினார். சிக்காகோ அந்த ஆண்டு லீக்கிற் கடைசியாக வந்த குழு. அவரோடு நட்பாயிருந்த கோல்காப்பாளர் கிளென் ஹோலையும் சேர்த்து அனுப்பினார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. டெற்றோயிற் குழு நொறிஸ் குடும்பத்தில் தம்பியாருடைய கையில்; சிக்காகோ தமையனாருடைய கையில். ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்கு மாட்டை அவிழ்த்துக் கட்டுவதுபோலக் கட்டினார்கள். ரொறன்ரோவிலும் சங்கத்துக்காக உழைத்த ஜிம் தொம்சன் என்பவர் அதே சிக்காகோவுக்கு விற்கப்பட்டார். சிக்காகோவுக்குப் போவதென்றால் நாடுகடத்தல் என்ற அர்த்தம் ஏற்பட்டுவிட்டது.

போனவரைப்பற்றி இருந்தவர்களிடம் கதையுங் கட்டினார்கள். லிண்ட்சே வாங்கிய சம்பளத்தைப் பன்மடங்காகக் காட்டும் பொய் ஒப்பந்தமொன்றை அடம்ஸ் பத்திரிகைக்காரருக்குக் காட்டியதாக லிண்ட்சே பின்னாளிற் சொல்லிவந்தார். 'இவ்வளவு வாங்கியவனா உங்களுக்காகப் பேசுகிறான்?' என்பதே அதன் உட்கருத்து. சங்கம் ஒக்ரோபரில் முப்பது லட்சம் டொலர் நட்டஈடு கேட்டு வழக்கு வைத்தது. அடுத்த மாதமே டெற்றோயிற் ஆட்டக்காரர் சங்கத்திலிருந்து விலகுவதாக வாக்களித்தார்கள். லிண்ட்சேயின் சொந்தக் குழு! அவர் நான்கு ஆண்டு தலைமை வகித்த குழு! அவரோடு தோளொட்டி ஆடிய ஹவ்வும் அங்கேதான் இருந்தார்; வாய் திறக்கவில்லை.

கோர்டி ஹவ்வைப்பற்றி இவ்விடத்திற் கடுஞ்சொல் சொல்வாருமுளர். நான் சொல்லமாட்டேன். அவர் சிறு வயதிலேயே படிப்பை விட்டவர். பெண்சாதி பிள்ளைகள் உடையவர். இந்த ஆட்டத்தைத் தவிர வேறு தொழில் அறியார். உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரர் என்று பேரெடுத்த அவர், அதிகம் கேளாமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டிருந்தார். பத்தாண்டு கழிந்தபின், பொப் போன் என்ற ஆட்டக்காரர் தமது குழுவுக்கு வந்து சம்பளத்தைச் சொன்னபோதுதான், தம்மிலும் எவ்வளவோ கீழானவர்கள் தம்மிலும் கூட வாங்குவதை அறிந்தார். ஹவ் அன்று எழுந்து நின்றிருந்தால் சங்கம் பிழைத்திருக்கும் என்பது என் எண்ணம். ஆயினும் பயந்த மனிதனுக்கு ஏன் பயந்தாய் என்று கேட்பது சுலபம். பயமுறுத்தியவனை அல்லவோ முதலிற் கேட்கவேண்டும்?

1958 பெப்ரவரியில் நியாயஸ்தலத்துக்கு வெளியே சமாதானம் பேசி முடித்தார்கள். ஆகக் குறைந்த சம்பளம் 7,000 டொலர் என்று தீர்ந்தது. உபகார நிதிக்கு முதலாளிமார் கட்டும் பங்கும் உயர்ந்தது. சங்கம் கலைந்தது. கணக்குப் புத்தகமோ திறக்கப்படவில்லை.

லிண்ட்சே சிக்காகோவில் மூன்று பருவம் ஆடி 1960இல் ஓய்ந்தார். நாலு ஆண்டு சென்றபின், 39 வயதில், மறுபடி டெற்றோயிற்றுக்கே ஆட வந்தார். அழைத்தவர் அந்தப் பழைய ஏபல். அப்போது அவரே பயிற்றுநரும் மனேஜரும். கிழவனொருவன் நாலாண்டுக்குப் பின் திரும்பி வருவது ஆட்டத்துக்கே இழிவு என்று லீக் தலைவர் கிளாரன்ஸ் கம்பெல் முதலில் முகஞ் சுளித்தார். லிண்ட்சே 69 ஆட்டம் ஆடி 14 கோல் அடித்தார். தண்டனைக் கூண்டில் 173 நிமிஷம் இருந்து பழைய குணம் மாறவில்லை என்றுங் காட்டினார். குழு லீக்கில் முதலாவதாக வந்தது. கம்பெலும் தம் சொல்லை மாற்றிக்கொண்டார்.

1966இல் ஹொக்கிப் பெரியோர் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அந்த விருந்து ஆண்களுக்கு மட்டும் என்று அறிந்ததும், என் மனைவியும் பிள்ளைகளும் வரமுடியாத விருந்துக்கு நானும் வரேன் என்று இருந்துவிட்டார். மறு வருஷம் விதியை மாற்றினார்கள். எனக்கு இவர்மேல் உண்மையான மதிப்புப் பிறந்த இடம், கிண்ணங்களைவிட இதுவேயாகும்.

ஆட்டக்காரருக்கு மறுபடி சங்கம் கிடைத்தது 1967இல். அதை நடத்தியவர் அலன் ஈகிள்சன் என்ற சட்டத்தரணி. ஆனால் காவலுக்கு வைத்த ஆளும் சரியில்லை. பல ஆண்டு கழித்து, 1998இல், அவர் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டு மறியலுக்குப் போனார். முதலாளிகளிடம் கேட்கவேண்டிய கணக்கைத் தங்கள் சங்கத்திடமும் கேட்கவேண்டியிருந்தது அந்த ஆட்டக்காரருடைய தலைவிதி.

பழைய உபகார நிதியின் கதை அதற்குச் சற்று முன்னே முடிந்தது. கார்ல் புறூவர் என்ற பழைய வீரர் விடாப்பிடியாகத் துருவி, தம்மைப்போன்ற பழையவர்களைச் சேர்த்து 1991இல் ஒன்ராறியோ நியாயஸ்தலத்தில் வழக்கு வைத்தார். வழக்காளிகளுள் ஒருவர் கோர்டி ஹவ். ஆம், அதே ஹவ்தான். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. நிதியில் மிஞ்சிய பெருந்தொகையை லீக் தன் செலவுக்கு எடுத்தது தகாது, அது ஆட்டக்காரருக்கே உரியது என்று 1992இல் தீர்ப்பு வந்தது. தீர்ப்புச் சொன்ன நீதிபதியின் பெயரும் அடம்ஸ்! லீக் மேலும் வழக்காடப் பார்த்தது. கனடாவின் உயர்ந்த நீதிமன்றம் 1994இல் அதை ஏற்க மறுத்தது. லிண்ட்சேக்கு அப்போது ஏறக்குறைய அறுபத்தொன்பது வயது. அவர் கணக்குக் கேட்ட காலத்தில் ஆடியவர்களிற் பலர் அந்தக் காசைக் காண உயிரோடில்லை. மற்றவர்களுக்குக் காசோலை தபாலில் வந்தது.