மதியின் மறுபுறத்து மௌனம்

சந்திரனை நாடிச் சென்ற மனிதருக்கு நேரக்கூடிய ஆபத்து யாது என்று வினவினால், பாய்ந்து வரும் விண்கற்களையும் காற்றற்ற பெருவெளியையும் பலர் கூறுவர். அவையும் ஆபத்துக்களே. ஆயினும், முதன்முதலாகச் சந்திரனைச் சுற்றிவந்த மூவரின் உயிர் ஒரேயோர் இயந்திரத்தையே நம்பியிருந்தது. அது பழுதுபட்டால் பயன்படுத்துவதற்கு வேறோர் இயந்திரம் கலத்தில் இருக்கவில்லை.

1968ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆந் திகதி பிராங்க் போர்மன், ஜேம்ஸ் லவல், வில்லியம் அண்டர்ஸ் ஆகிய மூவரும் அப்பலோ 8 கலத்தில் புறப்பட்டனர். அதற்கு இரண்டாண்டு நிறையுமுன்னரே, 1967 ஜனவரியில், ஏவுதளத்தில் நடந்த ஒத்திகையின்போது கலத்தினுள் தீப்பற்றி விண்வெளி வீரர் மூவர் மாண்டிருந்தனர். அந்தத் துயர் ஆறாத நிலையிலேயே இப்பயணம் தொடங்கிற்று.

சந்திரனை அணுகும் கலம் அதனைச் சுற்றிவர வேண்டுமாயின், தன் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். அதற்காக இயந்திரத்தை ஏறக்குறைய நான்கு நிமிடம் எரியச் செய்தனர். அதிக நேரம் எரிந்தால் கலம் சந்திரனில் மோதும். குறைவாக எரிந்தால் எதிர்பாராத பாதையிற் சென்றுவிடும். இச்செயல் நிகழ்ந்ததோ சந்திரனுக்கு அப்பால். ஏறத்தாழ 3,476 கிலோமீற்றர் விட்டமுள்ள அக்கோளம் வானொலி அலைகளை முற்றாக மறைத்தது. ஹூஸ்ரன் நகரிலிருந்த கட்டுப்பாட்டு நிலையத்தினர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, காத்திருந்தனர். கணித்த வேளையிலே குரல் மீண்டும் ஒலித்தது.

ஏறத்தாழ 110 கிலோமீற்றர் உயரத்தில், 20 மணி நேரத்தில், அவர்கள் பத்து முறை சந்திரனை வலம் வந்தனர். இனித் திரும்ப வேண்டும். இதுவே பெருஞ் சோதனை. வரும்போது இயந்திரம் எரிய மறுத்திருப்பின், கலம் சந்திரனை வளைந்து பூமியை நோக்கி மீண்டிருக்கும். இப்பொழுது எரிய மறுப்பின், ஒட்சிசனும் மின்சாரமும் தீரும்வரை சந்திரனைச் சுற்றிக்கொண்டிருப்பதன்றி வேறு கதியில்லை. சென்று மீட்பதற்கு எவராலும் இயலாது.

இதனை உணர்ந்தே பொறியியலாளர் அவ்வியந்திரத்தை மிக எளிமையாக அமைத்தனர். எரிபொருளை உந்துவதற்குப் பம்பிகள் இல்லை. ஈலியம் வாயுவின் அமுக்கமே அதனைத் தள்ளிற்று. தீமூட்டும் பொறியும் இல்லை. இரு திரவங்கள் ஒன்றையொன்று தொட்டவுடன் தாமாகவே பற்றிக்கொண்டன. திறந்து மூடவேண்டிய வால்வுகள் மட்டும் இரட்டையாக அமைக்கப்பட்டன. உறுப்புக்கள் குறைந்தால் பழுதுக்கு இடமும் குறையும் என்பதே அவர்கள் கொண்ட நெறி.

நத்தார்த் தினம் பிறந்திருந்தது. மறுபுறத்து மௌனத்தின் பின்னர் லவலின் குரல் கேட்டது. நத்தார்த் தாத்தா உண்மையில் இருக்கிறார் என்பதை அறியத்தருவதாக அவர் கூறினார். இயந்திரம் பழுதின்றி எரிந்துவிட்டது என்பதே அதன் பொருள். டிசெம்பர் 27ஆந் திகதி மூவரும் பசிபிக் சமுத்திரத்தில் நலமே இறங்கினர்.

ஆயினும், எளிமை ஒன்றே அவர்களைக் காத்தது என்று கொள்ளுதல் தவறாகும். 1970 ஏப்ரிலில் அதே லவல் தலைமை தாங்கிச் சென்ற அப்பலோ 13 கலத்தில், பூமியிலிருந்து மூன்று இலட்சங் கிலோமீற்றருக்கு அப்பால், ஒட்சிசன் தாங்கியொன்று வெடித்தது. தாய்க்கலத்தின் பெரிய இயந்திரத்தை இயக்க எவரும் துணியவில்லை. சந்திரனில் இறங்குவதற்கெனக் கொண்டு சென்ற சிறு கலத்தின் இயந்திரமும் காற்றும் மின்சாரமுமே மூவரையும் வீடு சேர்த்தன. அப்பலோ 8 சென்ற காலத்தில் அத்தகைய சிறு கலம் ஆயத்தமாகியிருக்கவில்லை. அவ்வெடிப்பு அன்று நேர்ந்திருப்பின், மூவரும் மீண்டிருக்கமாட்டார்கள்.

1968 முதல் 1972 வரை சந்திரனை நாடிச் சென்ற 24 பேரும் உயிருடன் திரும்பினர். அதனாலேயே ஆபத்து அற்பமானது என்று எண்ணத் தோன்றும். தேர்ந்த அறிவும் அயராத முன்யோசனையும் இருந்தும், நற்பேற்றுக்கும் அவ்வெற்றியிற் பங்குண்டு என்பதை நேயர்கள் மறவாதிருத்தல் வேண்டும்.