ஓடும் உருவத்தோடு ஓடும் எழுத்து



தொலைக்காட்சியில் கார்ப் பந்தயம் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். சீறிப் பாயும் காரின் மேலே ஓட்டுநரின் பெயரும் கூடவே ஓடி வரும். கார் வளைவில் திரும்பினாலும் பெயர் அதை விட்டு விலகாது. இந்த எழுத்து எப்படி ஒட்டிக்கொள்கிறது?

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, பொருளுக்குள்ளேயே ஒரு கருவியை வைப்பது. 1996-இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி, ஐஸ் ஹாக்கி வட்டுக்குள் அகச்சிவப்பு ஒளி வீசும் சிறு கருவிகளைப் பொருத்தியது. அதனால் வட்டு எங்கே போனாலும் திரையில் அதைச் சுற்றி நீல ஒளி தெரிந்தது. 2001-இல் நாஸ்கார் பந்தயக் கார்களில் ஜி.பி.எஸ். கருவி வைக்கப்பட்டது. காரின் இடத்தையும் கேமரா திரும்பும் திசையையும் கணினி சேர்த்துக் கணக்கிட்டு, பெயரை உரிய காரின் மேல் நிறுத்தியது.

இரண்டாவது வழியில் கருவி எதுவும் இல்லை. படத்தை மட்டுமே பார்த்துக் கணினி பின்தொடர்கிறது. இதற்கான கணக்கை 1981-இல் புரூஸ் லூக்காஸ், தக்கேயோ கனாடே ஆகிய இருவரும் வெளியிட்டனர். படத்தில் ஒரு சிறு கட்டத்தைக் கணினி எடுத்துக்கொள்ளும். அடுத்த படத்தில் அதே வெளிச்சமும் நிழலும் எந்த இடத்தில் பொருந்துகின்றன என்று தேடும். அங்கே எழுத்தை நகர்த்தும். வினாடிக்கு 25 படங்கள் என்றால், பத்து வினாடிக் காட்சிக்கு 250 படங்களிலும் இந்தத் தேடல் நடக்கிறது.

எந்தப் புள்ளியைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் திறமை இருக்கிறது. வெள்ளைச் சுவரின் நடுவே ஒரு புள்ளியைக் கொடுத்தால் கணினி திண்டாடும். எல்லா இடமும் ஒன்றுபோல் இருக்கிறதே! சுவரின் ஓரக் கோட்டைக் கொடுத்தாலும் கோட்டின் வழியே வழுக்கிவிடும். சன்னலின் மூலையைக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். ஒரு புள்ளி கிடைத்தால் இடம் தெரியும். இரண்டு கிடைத்தால் சுழற்சியும் அளவும் தெரியும். பெயர்ப்பலகையின் நான்கு மூலைகளும் கிடைத்தால், அது சாயும் விதத்திலேயே எழுத்தும் சாயும். 2011 முதல் பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளிலும் இந்த வசதி இருக்கிறது. ஆகவே, வீட்டுக் கணினியிலேயே இளையர்கள் இதைச் செய்யலாம்.

வசதி வந்த இடத்தில்தான் பொறுப்பும் வருகிறது. கணினிக்கு ஆளைத் தெரியாது. புள்ளிகளை மட்டுமே தெரியும். நடந்து செல்லும் ஒருவர் இன்னொருவருக்குப் பின்னால் மறைந்தால், எழுத்து அந்த இன்னொருவர் மேல் தாவிவிடலாம். திருமண வீடியோவில் மாமா பெயர் சித்தப்பா தலைமேல் ஏறினால் வீட்டார் சிரித்துக்கொள்வார்கள். ஒரு திருட்டுக் காட்சியில் 'இவர்தான்' என்ற சொல் அருகில் நின்றவர் மேல் தாவினால் என்ன ஆகும்? அந்தக் காட்சி கைப்பேசிகளில் பரவிய பிறகு, அவர் வீடு வீடாகச் சென்று விளக்கம் சொல்ல முடியுமா? ஓரிரு வினாடித் தவறு ஒரு குடும்பத்தின் மானத்தையே வாங்கிவிடும்.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. எழுத்தை ஒட்டிய பிறகு, காட்சியை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். உருவம் மறையும் இடத்தில் எழுத்தையும் மறைத்துவிட்டு, அதே ஆள் மீண்டும் தெரிந்த பிறகே காட்ட வேண்டும். ஆள் யாரென்று உறுதியாகத் தெரியாவிட்டால் பெயரை ஒட்டவே கூடாது.

பார்ப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. உருவத்தோடு சேர்ந்து நகர்வதாலேயே அந்த எழுத்து உண்மையாகிவிடாது. அதை ஒட்டியது ஒரு மனிதரின் கை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியோர் சொன்னது இந்தத் திரைக்கும் பொருந்தும்.